பாக்கியம் வீட்டு வாய்க்கரிசி

"படுங்க! எல்லாரும் கீழ படுங்க!"

கத்துவது நான்தான். முகம் சேற்றில் கிடக்கிறது. இரண்டு கையும் பிடரியில். தூரத்தில் ஒரு 'டும்'. அடுத்து விசில் சத்தம் வரும். பிறகு மண் அதிரும். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறேன். விசில் வரவில்லை. மறுபடியும் 'டும்'.

தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். தேயிலை. மழைத்தண்ணீர் ஓடும் கான். அதற்குள் கிடக்கிறேன். கொழுந்துக் கூடையோடு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் படுக்கவில்லை. இது பூனாகலை, மலையகத் தேயிலைத் தோட்டம். போர் முடிந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கீழே லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், தப்பு மேளம் அடிக்கிறார்கள். யாரோ செத்துவிட்டார்கள்.

சாவு விழுந்தால் தோட்டத்தில் தப்பு அடிப்பார்கள். கேட்டவர்கள் கூடையை இறக்கிவிட்டுப் போவார்கள். நான் போகமாட்டேன். கானில் விழுவேன். வீட்டில் இருந்தால் கட்டிலுக்கடியில். திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு சாவுக்கும் போனதில்லை. கல்யாணத்துக்குப் போகாதவளை இங்கே மன்னிப்பார்கள். சாவுக்குப் போகாதவளை மன்னிக்கமாட்டார்கள். வன்னிக்காரிக்குத் திமிர் என்றார்கள். பேசட்டும் என்று இருந்தேன். ஏன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நான் வன்னிக்காரியும் இல்லை. பிறந்தது இதே லயத்தில். சின்ன வயதில், தமிழரை அடித்த கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. அப்பா எங்களை வடக்கே வன்னிக்குக் கூட்டிப் போனார். அங்கே பயமில்லை என்று யாரோ சொன்னார்களாம்.

இரண்டாயிரத்து ஒன்பது. சித்திரை மாதம். வன்னிக் கடற்கரை மணலில் ஷெல் விழுந்துகொண்டிருக்கிறது. காலையில் என் கணவர் சிவலிங்கம் தண்ணீர் எடுக்கப் போகிறார். 'டும்'. விசில். அவர் திரும்பவில்லை. மறுநாள் சாயங்காலம். பதுங்குகுழியின் வாயில் மகள் திலகா உட்கார்ந்திருக்கிறாள். ஏழு வயது. "உள்ள வா! திலகா, உள்ள வா!" கத்துகிறேன். 'டும்'. விசில். அவள் வரவில்லை.

எல்லோரும் ஓடுகிறார்கள். அழ நேரமில்லை. கையாலேயே மணலைத் தோண்டினேன். வாய்க்கரிசி போட வேண்டும். போகிறவர்களின் வாயில் அரிசி போட்டுத்தான் எங்கள் ஆட்கள் அனுப்புவார்கள். என்னிடம் ஒரு மணி அரிசி இல்லை. பக்கத்துக் குழியில் கேட்டேன். அவர்களிடமும் இல்லை. பசித்த வாயோடு என் பிள்ளையை மூடினேன். பிறகு நானும் ஓடினேன்.

போர் முடிந்து அடைத்துவைத்த முகாமிலிருந்து விட்டதும் பிறந்த லயத்துக்கே வந்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அன்றைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். தூக்கத்தில் 'உள்ள வா, புள்ள' என்று நான் கத்தியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். என்ன ஏது என்று அவள் கேட்டதில்லை.

நான் கானில் விழுந்த அன்றைக்கு அடித்த மேளம் பாக்கியத்தின் புருஷனுக்கு.

கூடக் கொழுந்து பறிக்கும் மல்லிகாதான் என்னைக் கானிலிருந்து தூக்கிவிட்டாள். "பாக்கியம் புருசன் போயிட்டாரு. அங்கயும் நீ வரலன்னா, இனிமே ஒன் வாசப்படிய ஒருத்தரும் மிதிக்கமாட்டோம்." சொல்லிவிட்டு அவள் நடந்தாள். சேற்றுச் சேலையோடு பின்னால் போனேன். ஒவ்வொரு அடிக்கும் மேளம் பெரிதாகிறது. காதைப் பொத்துகிறேன். உள்ளங்கை வழியாகவும் கேட்கிறது. வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

பாக்கியம் பிணத்தருகிலிருந்து எழுந்து வந்தாள். தலை அவிழ்ந்து கிடக்கிறது. என்னைப் பார்த்தாள். மேளக்காரர்களைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்கப்பா. இவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது."

சாவு வீட்டில் பிணம் எடுக்குமுன் மேளத்தை நிறுத்தச் சொன்னவளை நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் தன் புருஷனுடைய சாவில். மேளம் நின்றது. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பெண்களுக்கு நடுவில் உட்காரவைத்தாள். ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். என் கழுத்தையும் பிடித்துக்கொண்டார்கள். பாக்கியம் அழுதுகொண்டே காதோரம் கேட்டாள்.

"ஒம்புள்ள பேரு என்னாடி?"

சொன்னேன்.

"புள்ள என்னா செய்யும்? சொல்லு. தெரியாம எப்படி அழுவுறது?"

ஒப்பாரிக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லச் சொல்ல வருகிறது. கோழியைக் கண்டால் பயம். ஒரு செருப்புத் தொலைந்தும் மற்றதைப் போட்டுக்கொண்டே நடந்தாள். புளியங்காய் என்றால் உயிர். அதையெல்லாம் அந்தப் பெண்கள் வாங்கி வாங்கி அழுகிறார்கள். ஒத்தைச் செருப்போட ஓடுனியே திலகா என்று அழுகிறார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மாட்டைப்போலக் கதறினேன். நிறுத்த முடியவில்லை.

வாய்க்கரிசி நேரம். பாக்கியம் புருஷனுக்குப் போட்டாள். பிறகு என் கையை விரித்து ஒரு பிடி அரிசி வைத்தாள்.

"போடுடி. ஒம்புள்ளைக்கு. இவரு கொண்டுபோயிக் குடுப்பாரு."

போட்டேன். பாதி அரிசி அவர் சட்டையில் சிந்தியது. எனக்குப் பின்னால் மல்லிகா கையை நீட்டினாள். மண்சரிவில் போன அவள் மருமகளின் உடம்பு இன்னும் கிடைக்கவில்லை. அவளும் போட்டாள்.

மேளம் திரும்ப ஆரம்பித்தது. பாக்கியத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கீழே படுக்கவில்லை.

இது போன வருஷம். இப்போது எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் உடம்பு கிடைக்காதவர்களுக்கும் அரிசி எடுத்துவைக்கிறார்கள். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வெடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கானில்தான் விழுகிறேன். ஒரு வித்தியாசம். யாராவது வந்து தூக்கிவிடுகிறார்கள்.

நான் இழந்தவை. லயத்தில் எரிந்த வீடு ஒன்று. வன்னியில் அப்பா கட்டிய ஓலை வீடு ஒன்று. இரண்டு மாடு. அப்பா, அம்மா, இரண்டு பேரும் முகாமில் காய்ச்சலில். கணவர் சிவலிங்கம். உடம்பைப் பார்க்கவில்லை. மகள் திலகா, ஏழு வயது. பார்த்தேன். மணல் போட்டு மூடினேன். எந்த இடம் என்று இன்றைக்குக் கேட்டால் காட்டத் தெரியாது.

பசியோடு போனாள் என்று இத்தனை வருஷம் இந்தக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். அதை மட்டும் எடுத்துவிட்டேன்.