ஒரு முறைக்கு ஒரு மாற்றம்

மறதி எந்த நாளில் தொடங்கியது என்ற கேள்விக்குப் பெரும்பாலான உறவினர்களால் விடை சொல்ல முடிவதில்லை என்று மருத்துவராகிய நீங்கள் கூறினீர்கள். என்னால் முடியும். மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். என் தங்கை அப்போது பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணினி முன்னறை மேசையின் மேல் இருந்தது. வீட்டில் வேறு எவரும் இல்லை.

தங்கையின் மறதி பற்றிய விவரங்களை எழுதித் தருமாறு கேட்டீர்கள். ஓர் அச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள் நான். பிழையுள்ள தாளைக் கண்டும் காணாமல் விட்டுப் பழக்கமில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று, தங்கைக்கு அறுபத்தாறு. எனக்கு மணமாகவில்லை. அவள் கணவரை இழந்தபின் இருபது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்கு வருபவர்கள் என்னைத் தேடித்தான் வருவார்கள். அவள் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். பெருமைக்காகச் சொல்லவில்லை, வழக்கம் அப்படி இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், துணி வெட்டும் படங்களைப் பார்ப்பதற்கென்று அடுத்த தெருக் கணினிக் கடையில் பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கினாள். கடையிலிருந்தவற்றுள் விலை குறைந்தது அதுதான். ஒரு படம் திறப்பதற்குள் அவள் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்துவிடுவாள். புதிது வாங்க வசதியில்லை. கணினியின் மூளையான செயலியின் வேகத்தை, அதைச் செய்தவர்கள் வரையறுத்ததற்கு மேலும் உயர்த்தலாம் என்று கடைக்காரர் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

உங்களுக்குத் தேவையான அளவு விளக்குகிறேன். வேகத்தை உயர்த்தினால் செயலி கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். மின்னழுத்தம் கூடினால் வெப்பம் கூடும். ஓர் எல்லையைக் கடந்தால் கணினி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது அணைந்துவிடும். அந்த எல்லை எங்கே இருக்கிறது, எதனால் வருகிறது என்று கண்டறிவதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். அதுவும் மிகச் சிறியதாக. பிறகு கணினிக்குக் கடும் வேலை கொடுத்து, காத்திருந்து, விளைவைக் குறித்துவைக்க வேண்டும். காலை உணவின்போது என் தங்கை இதையெல்லாம் எனக்கு விளக்கினாள். அவள் கற்பிக்க நான் கேட்டது எங்கள் வாழ்நாளில் அதுவே முதல் முறை.

அவளுடைய கணினி எவ்வளவு முயன்றும் நான்கு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் நிலைக்கவில்லை. செயலியைத் தாங்கும் இதே மலிவான தாய்ப்பலகையை வைத்திருந்தவர்கள் அனைவருக்கும் அதே தொல்லை. எல்லாரும் மின்னழுத்தத்தை 1.38 வோல்ட் வரை உயர்த்திப் பார்த்தார்கள். இவள் பலகையின் அருகே விரலை நீட்டிப் பார்த்தாள்.

"செயலி சூடாகல அக்கா. பக்கத்துல வரிசையா இருக்கு பாரு, இந்தக் கறுப்புக் கட்டிங்கதான் கொதிக்குது. செயலிக்குக் கரண்ட்டு குடுக்கிறது இதுங்கதான். விலையைக் குறைக்கணும்னு இதுங்க தலையில சூட்டை இழுக்கிற தகடு வைக்காம விட்டுட்டாங்க."

அலுமினியத் தகடொன்றைக் கத்தரித்து அவற்றின் மேல் ஒட்டினாள். மின்னழுத்தத்தை உயர்த்தாமல் 1.30 ஆகக் குறைத்தாள். கணினி இரண்டு மணி நேரம் தளராமல் ஓடியது.

"தையல் மெஷின்ல நூல் அறுந்தா எல்லாரும் இன்னும் இறுக்குவாங்க. நான் தளர்த்துவேன். அவ்வளவுதான் விஷயம்," என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதுவும் உன் மாதிரிதான் அக்கா. நாலு வார்த்தை கூடிப்போச்சுன்னா சூடாகி வேலையை நிறுத்திடும்."

இணையத்தில் இத்தகையோர் கூடும் குழு ஒன்று இருக்கிறது. வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணை நகர்த்துபவள் என்பதால் அங்கே அவளுக்கு 'மில்லிவோல்ட் அம்மா' என்று பெயர் வைத்தார்கள். தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. நான் எடுத்தால், "மில்லிவோல்ட் அம்மா இருக்காங்களா?" என்பார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஈரக் கையோடு ஓடிவந்து வாங்கிக்கொள்வாள். அந்த ஆண்டு எனக்கென்று வந்த அழைப்புகள் மூன்று. இரண்டு தவறான எண்கள். மூன்றாவது, கண்ணாடிக் கடையிலிருந்து.

வந்தவர்கள் என்னைக் கடந்து உள்ளே போனார்கள். ஒரு நாள் நான்தான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். "தேங்க்ஸ்ம்மா," என்று சொன்னவர் தலையை நிமிர்த்தவில்லை.

மார்ச் பதினைந்தாம் நாள் கடைக்காரர் வந்தார். "மேடம், உங்க தங்கச்சி கையில ஏதோ இருக்கு. கடைக்கு மேல ஒரு ரூம் சும்மா கிடக்குது. அங்கயே தங்கிட்டு, வர்ற மெஷினையெல்லாம் சோதிச்சுக் குடுத்தாப் போதும். மொத்தமா வாங்குறவங்க ரெண்டு பேரு ஒண்ணாம் தேதி வர்றாங்க. அம்மாவோட கணினி ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடுறதைக் கண்ணால பார்த்துட்டா, அப்புறம் பேச்சே இல்ல," என்றார்.

அவர் போனதும் தங்கை கேட்டாள். "போகட்டுமா அக்கா?"

"எதையும் நிதானமாக யோசித்துச் செய்ய வேண்டும்," என்றேன்.

"நான் யோசிச்சுட்டேன். நீதான் இன்னும் யோசிக்கல."

இதைப் பொறாமை என்று சொல்வோர் இருக்கலாம். அந்தச் சொல்லை நானும் எடுத்து வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஒருவருக்குரிய இடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டால் அவரை எழுப்பி அவருடைய இடத்தில் அமர்த்துவது ஒழுங்கு. தனியே இருக்க நேரும் என்ற அச்சமும் எனக்கு இல்லை. நான் தனிமைக்குப் பழகியவள்.

ஆகவே பதினேழாம் நாள், அவள் எனக்குக் காட்டித் தந்த முறைப்படியே கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கி, அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 1.30 என்பதை 1.38 ஆக மாற்றிச் சேமித்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று. அன்று மாலை கணினி பாதியில் தளர்ந்தது. அவள் சோர்ந்துபோவாள் என்று எண்ணினேன். அவளோ தன் குறிப்பேட்டைப் புரட்டி, எண்ணை ஒப்பிட்டு, பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டாள்.

"பலகையில ஒரு சின்ன பாட்டரி இருக்கு அக்கா. அது தீர்ந்துட்டா போட்டு வச்சதெல்லாம் இதுக்கு மறந்துபோயிடும்," என்று சொல்லிப் புதிய பாட்டரியைப் பொருத்தினாள்.

மறந்தது கணினி என்று அவள் முடிவு செய்துவிட்டாள். யார் மறந்தது என்பதைத்தான் நான் மாற்ற வேண்டியிருந்தது.

இருபத்து நான்காம் நாள் முதல் குறிப்பேட்டையும் திருத்தினேன். அவள் எழுதிய அதே நீலப் பேனா. சுழியத்தின் இடையில் ஒரு சிறு கோடு இழுத்தால் அது எட்டாகிவிடுகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்தவில்லை. ஒரு முறைக்கு ஒரு வரி. வரியைத் திருத்திய நாளிலேயே கணினியிலும் எண்ணை மாற்றினேன். அவள் சரிசெய்வாள், ஓடும், மீண்டும் நிற்கும். குறிப்பேட்டைப் பார்ப்பாள், இம்முறை குறிப்பேடு கணினியோடு உடன்பட்டது.

ஏப்ரல் முதல் நாள் கடைக்காரரும் மொத்தமாக வாங்கும் அந்த இருவரும் வந்தார்கள். அன்று காலை கடைசி வரியையும் முடித்திருந்தேன். இருபத்திரண்டாம் நிமிடத்தில் திரை இருண்டது. கடைக்காரர் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார்.

"அம்மா, எல்லா இடத்துலயும் 1.38னு எழுதியிருக்கீங்களே. இதைப் போடாதீங்கன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே."

"நான் எழுதினதா இது?"

"உங்க கையெழுத்துதானேம்மா."

அவள் குறிப்பேட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள். வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வயசாயிடுச்சுல்ல, பரவாயில்ல," என்று மற்றவர் மென்மையாகச் சொன்னார். நான் அனைவருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம், அறை அவளுக்காகக் காலியாகவே இருக்கும் என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன்.

அதன்பின் கணினிக்கு வெளியே சில மாற்றங்கள் செய்தேன். அவள் அணைத்த அடுப்பைச் சிறு தீயில் மீண்டும் ஏற்றிவிட்டு, என் அறைக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மூக்குக்கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். வீட்டுச் சாவியைக் கதவின் வெளிப்புறமே விட்டேன். வாரத்துக்கு ஒன்று, இரண்டைச் சேர்த்துச் செய்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், விளைவு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைத்திருக்கிறேன். விரும்பினால் நீங்கள் பார்க்கலாம். அடுப்பு நிகழ்ச்சிக்கு அவள் சிரித்தாள். கண்ணாடி நிகழ்ச்சிக்குச் சிரிக்கவில்லை. சாவி நிகழ்ச்சிக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கதவைப் பூட்டிவிட்டு, "பூட்டிட்டேன்ல அக்கா?" என்று கேட்கத் தொடங்கினாள். பூட்டியிருப்பதை நான் சில முறை உறுதி செய்தேன். சில முறை ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதம் அவள் தையற்காரியின் பிடிவாதத்தோடு ஒரு யோசனை சொன்னாள்.

"மெஷின் ஓடலேன்னா பாகத்தை ஒண்ணொண்ணா மாத்திப் பார்க்கணும் அக்கா. நான் ஒரு வாரம் நம்ம அண்ணன் பொண்ணு வீட்ல போய் இருக்கேன். அங்கயும் மறந்தா பழுது என்கிட்ட. மறக்கலேன்னா பழுது இந்த வீட்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஐயத்தோடு பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். கணக்கு சரியாக வந்துவிடுமோ என்ற ஆசையோடு பார்த்தாள்.

நல்ல யோசனை என்று நானும் ஒப்புக்கொண்டேன். அவளுடைய இரத்த அழுத்த மாத்திரைகளை ஞாயிறுதோறும் ஏழு நாள் பெட்டியில் அடுக்கித் தருவது என் வேலை. பல ஆண்டு வழக்கம். மே இருபத்து நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமையும் அடுக்கினேன். புதன்கிழமை வரை சரியாகவே வைத்தேன். வியாழன், வெள்ளி, சனி என்னும் நாள்களுக்குரிய அறைகளில், மருத்துவச் சீட்டில் உள்ளதைவிட ஒவ்வொரு வேளைக்கும் ஒன்று கூடுதலாக வைத்தேன். எல்லாம் வெள்ளை மாத்திரைகள். அவள் எண்ணிப் பார்த்து விழுங்குபவள் அல்லள்.

அண்ணன் மகள் வீட்டில் முதலில் நன்றாகத்தான் போயிற்று. புதன்கிழமை தொலைபேசியில், "ஒண்ணுமே மறக்கல அக்கா, பேத்திக்குச் சட்டை தைச்சு முடிச்சுட்டேன்," என்று பாடுவதுபோல் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை குளியலறையில் விழுந்தாள். எழுப்பியபோது எந்த வீட்டில் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இறந்துபோன கணவரைப் பெயர் சொல்லி அழைத்தாளாம். அன்று மாலைதான் அவளை உங்களிடம் கொண்டுவந்தார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் தையல் போட்டிருந்தது.

"வீட்டை மாத்திப் பார்த்தேன். கூட இருக்கிற ஆளை மாத்திப் பார்த்தேன். சாப்பாடு, படுக்கை எல்லாம் மாத்தியாச்சு. பழுது என்கூடவே வந்துடுச்சு," என்றாள். "அப்ப பாகம் நான்தான் அக்கா. நான்தான் போயிட்டேன்."

அவளுடைய சோதனை முறையானதே. ஒரே ஒரு பாகத்தை மட்டும் அவள் மாற்றாமல் எடுத்துச் சென்றாள். மாத்திரைப் பெட்டி என் கையால் நிரப்பப்பட்டது ஆதலால், அதைச் சோதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஜூன் ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் முன்னறையில் கூடிப் பேசினோம். அண்ணன் மகள் நிற்காமல் அழுதாள். "பெரியத்தை, நீங்க மட்டும் இல்லேன்னா சின்னத்தை கதி என்ன ஆகியிருக்கும்?" என்றாள். கடைக்காரர் மேல்மாடி அறையை வேறொருவருக்குத் தந்துவிடுவதாகத் தயக்கத்தோடு சொன்னார், தங்கையே தலையசைத்தாள். கணினியை அவரே தூக்கிச் சென்றார். தகட்டை மட்டும் கழற்றித் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றாள். தொலைபேசியை இனி நான் மட்டுமே எடுப்பது, அவள் தனியே வெளியே போகாமல் இருப்பது, சாவி என்னிடம் இருப்பது, மாத்திரைகளை வேளைக்கு வேளை நானே கையில் எடுத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எல்லாவற்றுக்கும் அவள் ஒப்புக்கொண்டாள். எழுதிய தாளைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டாள்.

அவள் நலமாக இருக்கிறாள். மாத்திரைகளை இப்போது சரியான அளவில்தான் கொடுக்கிறேன். அவள் எங்கும் போவதாகச் சொல்லாதவரை அளவை மாற்றுவதற்குக் காரணம் இல்லை.

அவளுடைய ஏட்டில் நீங்கள் எழுதியிருக்கும் நோயின் பெயர் தவறு. அவளுக்கு அந்த நோய் இல்லை. அந்த இடத்தில் என் செயலை எழுதிக்கொள்ளுங்கள். ஜூன் ஏழாம் நாள் எடுத்த முடிவுகளை மாற்ற வேண்டியதில்லை. அவை வீட்டிலுள்ள அனைவரும் அவளுடைய நன்மையைக் கருதி, ஒருமனதாக எடுத்தவை.