ஏழாவது ரவுண்டில் நழுவிய நிக்கர்

...எல்லாம் அந்த எலாஸ்டிக் கடைக்காரன் பண்ண வேலை தம்பி. இல்லேன்னா என் தையல் நழுவுமா? உக்காருங்க, உக்காருங்க. நீங்க பேச வேணாம். தாடை எலும்பு கூடுற வரைக்கும் வாயே திறக்கக் கூடாதாமே, பேப்பர்ல போட்டிருந்தான். நானே பேசுறேன், நமக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல.

போன மாசத்துலேருந்து தெருவுல தலை காட்ட முடியல. டீக்கடைக்காரர் என்னை ‘வாங்க ஏழாவது ரவுண்டு’ங்கிறார். வீட்டுல இவ, தட்டை வைக்கிறப்பகூட ‘உலகமே பாத்துச்சே’ன்னு ஒரு பெருமூச்சு விடுறா. உலகம் பாக்கத்தான் செய்யும். குத்துச்சண்டையில ஹெவிவெயிட் சாம்பியன் பட்டம்னா சும்மாவா? நீங்க ஒரு பக்கம், அந்தச் சம்மட்டிப் பய ஒரு பக்கம். ஆளுக்கு ஒரு தடவை ஜெயிச்சு, இது மூணாவது. ஆறு ரவுண்டு அவனைப் புழிஞ்சு காயப் போட்டீங்க. நான் மெஷினை நிறுத்திட்டு டிவியையே பாத்துக்கிட்டிருக்கேன்... ஏழாவதுல நிக்கர் லேசா இறங்குது. கையில அவ்வளவு பெரிய கிளவுஸு, எதைப் புடிச்சு மேல இழுப்பீங்க? ஒரே ஒரு தடவை கீழ குனிஞ்சு பாத்தீங்க. அவ்வளவுதான், விட்டான் ஒண்ணு.

உங்க கோச்சு மேலயும் தப்பிருக்கு. நான் அளவெடுத்தப்புறம் உங்களை ஓட விட்டு ஓட விட்டு இடுப்பைக் கரைச்சிட்டாரு...

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சரி தம்பி. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. எலாஸ்டிக் நல்ல எலாஸ்டிக்தான். கோச்சும் பாவம். நோட்டுல நாப்பதுன்னு சரியாத்தான் எழுதினேன். வெட்டினது நாப்பத்திமூணு.

முப்பது வருஷமா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கை இது. ‘வளர்ற புள்ள, கொஞ்சம் லூசா வைங்க’ன்னு அம்மாமாருங்க சொல்லிச் சொல்லி, துணியில கத்திரி வெச்சாலே மூணு இஞ்சு தன்னால தள்ளிப் போகுது. உங்க அம்மாவும்தான் சொன்னாங்க. ஆறாங்கிளாஸ் நிக்கரை எட்டாங்கிளாஸ் வரைக்கும் போட்டீங்களே! அந்தப் பாசத்துலதானே பெரிய கம்பெனிங்களை விட்டுட்டு என்னைத் தேடி வந்தீங்க. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. முப்பத்தஞ்சு வயசு ஆளு, இதுக்கு மேல எங்க வளரப் போறீங்கன்னு எனக்குத் தோணவே இல்லையே தம்பி.

என்ன எந்திரிக்கிறீங்க? கட்டு வாய்க்குத்தான், கைக்கு இல்லேங்கிறதை இப்பத்தான் கவனிக்கிறேன். தம்பி, நான் வயசானவன்... ரெண்டு கையையும் ஏன் தூக்குறீங்க?

ஓ. அளவெடுக்கவா? மறுபடியும் அவனோட மோதப் போறீங்களா? அதுக்கும் நானேவா?

இருங்க, டேப்பைக் காணோம்... கழுத்துலதான் கிடக்கு. மூச்சை இழுக்காதீங்க. முப்பத்தேழு. இந்தத் தடவை முப்பத்தேழுன்னா முப்பத்தேழுதான், நூல் பிசகாது.

ஆனா... கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு இப்படி இளைச்சிட்டீங்களே. கட்டைப் பிரிச்சு, நல்லா சாப்பிட்டு, உடம்பு தேற வேணாமா? ஒரு ரெண்டு இஞ்சு மட்டும் விட்டு வைக்கிறேனே...

ஏன் தம்பி முறைக்கிறீங்க?