இருபத்தைந்து கிலோ

வண்டி வாங்கும்போது முதலில் நிறத்தைப் பார்ப்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. நிறமும் ஒரு சந்தோஷம்தானே. ஆனால் வாரக்கணக்கில் தூர தூரமாகச் சுற்றி, கூடாரத்தில் தங்கப் போகிறவன் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னத் தாளை. அந்த வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று அதில்தான் போட்டிருக்கும்.

நான் இருபத்திரண்டு வருடமாக எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுப்பேன். ஒரு பொய்ச்சீட்டுகூடக் கொடுத்ததில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், சார்.

அப்படியொரு பயணத்துக்கான பிக்கப் வண்டியை நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். ஏழு மாதம் ஆயிற்று. டீசல் என்பதில் தகராறில்லை. ஒரு டேங்கில் வெகுதூரம் போகும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்பதிலும் ஒத்துப்போனோம். சண்டை வந்தது பின்பக்க ஸ்பிரிங்கில். அவனுக்குச் சுருள் ஸ்பிரிங் வைத்த சொகுசு வண்டி வேண்டும். நான் கேட்டது பட்டை ஸ்பிரிங். குலுக்கும், ஆனால் பாரம் தாங்கும். விற்பனையாளர் முன்னாலேயே, "எங்கக்காவயும் மேடையில ஏத்திப் பாத்துட்டுதான் கல்யாணத்துக்கு சரின்னாரு எங்க அத்தான்" என்றான். விற்பனையாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவனுடைய நண்பர்களுக்கு என் பெயர் 'கிலோ அத்தான்' என்பது எனக்கு முன்பே தெரியும்.

கடைசியில் நான் சொன்ன வண்டியைத்தான் வாங்கினோம். இரும்பு பம்பர், மண்ணில் சிக்கினால் இழுக்கும் வின்ச், கூரைக் கூடாரம், இரண்டாவது டேங்க் எல்லாம் மாட்டிய பிறகு எங்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சிய எடை கொஞ்சம்தான். கரண்டியைக்கூட நிறுத்துப் பார்த்தேன். அவன் எடையைக் கேட்டேன். எண்பத்துநாலு என்றான். நம்பி எழுதிக்கொண்டேன்.

கிளம்பிய காலையில் வண்டியை மேடையில் ஏற்றினேன். இருபத்தைந்து கிலோ அதிகம். அவனை இறக்கி மூட்டைத் தராசில் நிற்கச் சொன்னேன். நூற்றொன்பது.

"ஃபோட்டோ எடுக்கும்போது எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்கறதில்லையா அத்தான்? அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அவசரத்துக்கென்று ஆளுக்கொரு கேன் தண்ணீர் வைத்திருந்தோம், ஒவ்வொன்றும் இருபத்தைந்து லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அவன் கேனைத் திறந்து சாக்கடையில் கவிழ்த்தேன். பொய் சொன்னவன் பங்கில்தானே குறைக்க முடியும். மூடியை இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டினேன். இப்போது எடை சரியாக இருந்தது. மனசும் லேசானது.

ஐந்தாம் நாள், பொட்டல்வெளியில் இன்ஜின் நின்றது. கடைசியாக பீப்பாயிலிருந்து வாங்கிய டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. மாற்று ஃபில்டர் இரண்டும் அடைத்துக்கொண்டன. சாட்டிலைட் போனில் உதவி கேட்டோம். மூன்று நாள் கழித்துக் காலையில்தான் வர முடியும் என்றார்கள். பாட்டில்கள் அன்றே காலி.

மறுநாள் காலை அவன் தன் கேனைத் தூக்கினான். நான் நடந்ததைப் பொறுமையாக விளக்கினேன். முதலில் சிரித்தான்.

"சரி அத்தான், தப்புதான். புத்தி வந்துருச்சு. உங்க கேன குடுங்க."

நான் என் கேனுடன் முன்சீட்டில் ஏறிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டேன். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தேன். மதியம்வரை அவன் அதை விளையாட்டு என்றே நினைத்தான். சாயங்காலம் ஜாக்கிக் கம்பியை எடுத்துக் கண்ணாடி முன் ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது, பிறகு இறங்கிவிட்டது. நான் கொடுத்துவிடுவேன் என்று நம்பியிருக்க வேண்டும். அவன் பார்க்கும்போது நான் குடிக்கவில்லை. அது நாகரிகமில்லை.

பருத்த உடம்பை வெயில் சீக்கிரம் சாய்த்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அது உண்மைதான். அதற்கு அடுத்த நாள் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. வண்டி நிழலில் கிடந்தபடி கூப்பிட்டான்.

"அத்தான். அக்கா மூஞ்சிக்காகவாவது ஒரு மடக்கு."

"எண்பத்துநாலுன்னு நீதானப்பா சொன்ன" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

வெயில் சாய்வதற்குள் அவன் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது.

மீட்க வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். என் கேனில் அப்போது பதினேழு லிட்டர் இருந்தது. அவர்களில் ஒருவர் அவன் முகத்துப் புழுதியைத் துடைக்க, துணி நனைக்கத் தண்ணீர் கேட்டார். கேனைச் சாய்த்துத் தாராளமாக ஊற்றினேன். இதுவரை யாரும் என்னைக் கஞ்சன் என்று சொன்னதில்லை, சார்.