காத்திருந்த வரி

உங்கள் ஸ்டேஷன் கணினி திறக்க நாற்பது நொடி ஆகிறது. உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறை சொல்லவில்லை, தொழில் புத்தி.

ஆஸ்பத்திரியில் நோயாளியின் சீட்டு ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. அதை வரிவரியாகப் பிரித்து டேட்டாபேஸில் அடுக்கியவன் நான். எந்த வரி எதற்குள் என்பதை வரிசை எண்தான் சொல்லும். பத்து, இருபது, முப்பது என்று இடைவெளி விட்டுவைத்தேன், நடுவில் புதிது வந்தால் நுழையட்டும் என்று. நாட்கணக்கில் படுத்திருப்பவருக்கு வரிகள் குவிந்து இடைவெளி தீர்ந்துவிடும். அப்போது முழுச் சீட்டுக்கும் புது எண் போட வேண்டும். முடியும்வரை சீட்டு திறக்காது.

பெரிய டாக்டர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார், "நோயாளி செத்துப் பொழைச்சு வந்துடுவான், உன் திரை வராது போலிருக்கே?" எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றே ஒரு வழி செய்தேன். இடமில்லாத வரி தனி அட்டவணையில் காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை புது எண் போட்டு உள்ளே சேர்ப்பேன். அதுவரை திரை அதைத் தேடாது, தேடினால் வேகம் போய்விடும். சீட்டு கண்ணிமைக்குமுன் திறந்தது. பெரிய டாக்டர் தோளில் தட்டினார். காத்திருக்கும் அட்டவணையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மூன்றாம் மாடி நர்ஸ் என் தங்கை. வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் போன் செய்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், நாற்பதாவது நாளாகப் படுக்கையில் இருந்தார்.

"அண்ணா, அவருக்கு ஒரு ஊசி ஆகாதுன்னு அவர் பொண்ணு சொல்லுச்சு. காலையிலயே அதை சிஸ்டத்துல பதிஞ்சிட்டேன். திரையில காணோமே."

"வந்துடும். நீ கிளம்பு."

"கையால எழுதி கட்டில்ல ஒட்டிடட்டுமா?"

"வேண்டாம்மா. நீ ஒட்டினா நாளைக்கு எல்லாரும் ஒட்டுவாங்க. அப்புறம் சிஸ்டம் எதுக்கு?"

அவள் ஒட்டவில்லை. நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அடுத்த ஷிஃப்டில் வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், அந்த ஊசியையே போட்டார்கள். நான்கு மணிக்கு அவர் இறந்தார்.

ஆஸ்பத்திரி விசாரணையில் அந்த வரி சீட்டில் இருந்தது. ஆனால் பதிவு நேரம் ஐந்து பத்து. மறந்துவிட்டு, ஆள் போனபின் வந்து எழுதியிருக்கிறாள் என்றார்கள். நடைவழியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ சொன்னா நம்புவாங்க அண்ணா. காலையிலயே பதிஞ்சிட்டேன்னு சொல்லேன்."

"சிஸ்டம் பொய் சொல்லாதும்மா," என்றேன்.

பாவமாகத்தான் இருந்தது. வேலை போனது, வழக்கு வந்தது. அவள் குழந்தை இப்போது என் வீட்டில்தான் வளர்கிறது, ஒரு குறையும் வைக்கவில்லை. போன மாதம் தங்கை என்னிடம், "ஒருவேளை நான்தான் பதிய மறந்துட்டேனோ?" என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். மறுநாள் அப்படியே வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

நீங்கள் அந்த அட்டவணையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்கள். செவ்வாய்க்கிழமை ஏன் புது எண் போட்டாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். காத்திருக்கும் வரி எப்போது சீட்டுக்குள் நுழைகிறதோ, அதுவே அதன் பதிவு நேரமாக விழும். நான் எழுதிய விதி, எனக்குத் தெரியாதா? நாலரைக்கே கை விசைமேல் இருந்தது. ஆனால் அவள் வீட்டில் இருந்தாள். வீட்டிலிருந்து யாரும் வரி போட முடியாது. சேதி கேட்டு ஐந்து மணிக்கு அவள் ஓடிவந்து படியேறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வார்டுக்குள் போகப் பத்து நிமிடம் விட்டேன். பிறகு அழுத்தினேன்.

இன்று காலைகூட அந்த அட்டவணையில் முப்பத்தொரு வரிகள் காத்திருந்தன. எவை என்று நான் பார்க்கவில்லை, அது டாக்டர்கள் வேலை. இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த அட்டவணை வந்தபிறகு, திரை தாமதம் என்று இன்றுவரை என்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை.