கூடத்து இலுப்பை

பொழுது விழுந்து விளக்கு வைக்கிற நேரம். சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை அடிவாரத் தேக்கங்காட்டுக்குள் ஒரு மண்பாதை... ஈ காக்கை இல்லை. நம்ம சடையன் இருக்கானே, அவன் மச்சினன் மதனுக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

பாதை முடிகிற இடத்தில் மதனின் அத்தை சுப்பம்மாளின் வீடு. அறுபதுகளில் கட்டியது. தட்டைக் கூரை, சுவருக்குப் பதில் கண்ணாடி. கூடத்து நடுவே ஓர் இலுப்பை மரம், கூரையில் வட்டமாக விட்ட ஓட்டை வழியே மேலே போகும். அத்தைக்கு ஒரே குழந்தை, தொட்டிலிலேயே செத்தது. அந்த மரத்தடியில்தான் புதைத்தார்கள். அவள் அங்கிருந்து நகரமாட்டேன் என்றாள். மாமா மரத்தைச் சுற்றியே வீட்டைக் கட்டினார்.

சாகிறபோது வீட்டை மதனுக்குக் கொடுத்து, "மரத்த மட்டும் தொட்டுராத சாமி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையாட்டினான் மகராசன். கருமாதி முடிந்த சூட்டோடு, டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட வேண்டுமென்று மெஷின் ரம்பத்தோடு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ராமாயி தடுத்தாள். "கோடாலிய ஒரு ராத்திரி மரத்துல சாத்தி வெச்சு, குடியிருக்கறவங்கள வேற எடம் பாத்துக்கச் சொல்லோணுங்க சாமி. அப்பறந்தான் வெட்டோணும்."

"அதுல யாரு குடியிருக்கறாங்க, அக்கா?" என்றான்.

சாயங்காலத்துக்குள் மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து இறக்கிவிட்டார்கள். ஆட்களும் ராமாயியும் போய்விட்டார்கள். மதன் மட்டும் விளக்கைப் போட்டு, கதவைப் பூட்டச் சாவி தேடினான்.

இலுப்பைப்பூ வாசனை வந்தது... பூக்கிற மாதமே இல்லை. அப்புறம், கிரீச்... கிரீச்... கிளையில் கயிறு உராய்கிற சத்தம். திரும்பினான். கூடத்தில் அடிக்கட்டைதான் இருந்தது. ஆனால் கண்ணாடிச் சுவரில் விழுந்த பிம்பத்தில் மரம் முழுசாக நின்றது. கிளையில் ஒரு சேலைத் தொட்டில் ஆடியது.

அத்தை பிடித்த கை அவனுக்குச் சுட்டது. செத்த பிள்ளையின் இடத்தையும் பிடுங்கிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. "தப்புப் பண்ணீட்டேன்... வேற எடம் பாத்துக்க சாமி" என்றான், கண்ணாடியைப் பார்த்து.

சத்தம் சட்டென்று நின்றது.

ராசிபுரத்தில் வீடு வந்து சேர்ந்தபோது மனைவி வித்யா அடுப்படியில் இருந்தாள். "பாப்பா இப்பத்தான் தூங்குச்சு, எழுப்பீராதீங்க" என்றாள்.

உள்ளே ஸ்பிரிங் தொட்டில் தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்திருந்தது. மூன்று மாதப் பிள்ளைக்கு அவ்வளவு கனமா? பதறிப்போய் மகளைத் தூக்கி அணைத்துக்கொண்டான். அவளுக்கு ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

பிள்ளையை எடுத்தால் ஸ்பிரிங் விருட்டென்று மேலே ஏறும் இல்லையா?

ஏறவில்லை. தாழ்ந்தபடியே ஆடிக்கொண்டிருந்தது... கிரீச்... கிரீச்...