மேல் துண்டு

ஐயோ, நான் விஞ்ஞானியெல்லாம் இல்ல சார். ரம்பம் ஓட்டறவன். வெள்ளக் கோட்டப் பாத்து ஏமாந்துட்டீங்க, இது தூசிக்காகப் போட்டது. நானும் உங்கள மாதிரி உள்ள கூப்பிடுவாங்கன்னுதான் காத்திட்டிருக்கேன். மீட்டிங் ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு? நாப்பது நிமிஷமா? சரி. இல்ல இல்ல, நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கறேன்.

மின் நிலையத்து ஆளுதானே நீங்க? பாத்ததும் தெரிஞ்சுது. உங்க சுடுதண்ணிய இந்தக் கடல்ல விடலாமா வேணாமான்னுதான் உள்ள பேசறாங்க. கையெழுத்து விழுந்தா கெளம்பிடுவீங்க. புரியுது.

எதை அறுப்பேனா? பவளப்பாறைய. பாக்கக் கல்லு மாதிரி இருக்கும், ஆனா வளர்ற கல்லு. முக்குளிக்கறவங்க கீழ போயி, தலையிலேர்ந்து அடி வரைக்கும் துளை போட்டு, கை தடிமனுக்கு நீளமா ஒரு குச்சி எடுத்துட்டு வருவாங்க. ஓட்டைய சிமெண்ட் வச்சு அடைச்சிடுவாங்க, பல் டாக்டர் மாதிரி. பாறை பாட்டுக்கு அதும்மேல வளந்துக்கும். நான் அந்தக் குச்சிய பலகை பலகையா அறுத்து எக்ஸ்ரே எடுப்பேன். வரி வரியா தெரியும். ஒரு வெளுப்பு, ஒரு கருப்பு, ரெண்டும் சேந்தா ஒரு வருஷம். கடல் நல்லா இருந்த வருஷம் வரி அகலமா இருக்கும். தண்ணி சூடேறின வருஷம் ஒடுங்கிடும். நாம யாரும் பக்கத்துல இல்லாதப்பகூட அது பாட்டுக்குப் பதிஞ்சு வச்சிருக்கும்.

எனக்கே ரொம்ப நாள் தெரியாது சார். ஷோகேஸ்ல வைக்கறதுக்குன்னு நெனச்சு பதினோரு வருஷம் அறுத்தேன். சிரிங்க, பரவால்ல. யாரும் சொல்லல, நானும் கேக்கல. நாப்பது வயசுல ராத்திரிப் பள்ளிக்கூடத்துல சேந்தேன். வாத்தியார் மரத்தோட வளையத்த போர்டுல வரைஞ்சு வயசு எண்ணிக் காட்டறாரு. அடப்பாவி, இதத்தானே நாம தெனம் அறுக்கறோம்னு மறுநாள் எங்க விஞ்ஞானி மேடம்கிட்ட ஓடினேன். சிரிச்சு சிரிச்சு அவங்களுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்புறம் பக்கத்துல உக்கார வச்சு எக்ஸ்ரே பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. யாரு செய்வா சொல்லுங்க?

கதவு தொறக்குதா? ப்ச், டீ கொண்டு போறாரு.

ஆமா, ரிப்போர்ட் உங்களுக்குச் சாதகம்தான். நானும் படிச்சேன். சுத்துப்பட்டுல எல்லாப் பாறையும் இருபது வருஷமா ஒடுங்கிட்டே வருது, நீங்க தண்ணி விடப்போற எடத்துல இருக்கற பாறை மட்டும் வருஷத்துக்குப் பத்து மில்லிமீட்டர் குறையாம வளருதுன்னு. இந்த எடத்துல நீரோட்டம் நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும்னு. மேடம் மேல தப்பே இல்ல. படத்துல இருந்தத எழுதினாங்க.

பிளைவுட் அறுத்திருக்கீங்களா? குறுக்க நேரா அறுத்தா அடுக்கெல்லாம் மெல்லிசா தெரியும். அதையே சாய்ச்சு அறுத்துப் பாருங்க, ஒவ்வொரு அடுக்கும் தடிச்ச மாதிரி காட்டும்.

இந்தப் பாறை தலைகிட்ட ஒரு பக்கமா சாஞ்சு வளந்திருந்தது. எந்தப் பக்கம்னு தெரியறதுக்காக, எடுக்கும்போதே குச்சி மேல பென்சில்ல கோடு போட்டுடுவாங்க. அந்தக் கோட்டுல நான் பிளேட வைக்கணும், அவ்வளவுதான் வேல. குச்சி மூணு துண்டா வந்தது. மேல் துண்டுல, அதாங்க கடைசி இருபது வருஷம் இருக்கற துண்டுல, கோடு தண்ணில அழிஞ்சு போச்சு. எடுத்தப்ப புடிச்ச ஃபோட்டோ இருந்தது. தேடிப் பாத்திருக்கலாம். இருபத்தாறு வருஷ அனுபவம் பாருங்க, கண்ண சுருக்கிப் பாத்துட்டு வச்சு அறுத்துட்டேன்.

போன வியாழக்கிழம அலமாரிய ஒழுங்கு பண்ணும்போது அந்த ஃபோட்டோ கைல கெடச்சுது, நான் சாய்ச்சு அறுத்திருக்கேன்னு தெரிஞ்சுது. மிச்சமிருந்த பாதிய எடுத்து நேரா அறுத்தேன். வருஷத்துக்கு எட்டு மில்லிகூட வரல சார். கடைசி ரெண்டு வருஷத்துக்கு வரியவே தேட வேண்டியிருக்கு.

வீட்ல சொன்னேன். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம், அதுவரைக்கும் வாய மூடிட்டு இருந்தா கொறஞ்சா போயிடுவன்னு கேட்டா. அஞ்சு நாள் மூடிப் பாத்தேன். தெனம் காலைல மேடம் வணக்கம் சொல்றாங்க, நான் தரையப் பாத்து வணக்கம் சொல்றேன். இன்னிக்கு சீட்டு எழுதி உள்ள அனுப்பிட்டேன், கையெழுத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வேணும்னு.

ஆமா சார், அந்தப் பத்து மில்லி கடலோடது இல்ல. என் கைவேல.

என்ன எந்திரிச்சுட்டீங்க? ஆபீஸுக்கு ஃபோன் பண்ணுங்க, தாராளமா. ஜன்னல்கிட்ட போனா சிக்னல் கெடைக்கும்.

இதோ, கூப்பிடறாங்க. வந்துட்டேன் மேடம்! கொஞ்சம் வழி விடுங்க சார்.