சிரிப்பு அடங்குமுன் தொடங்கிய பாட்டு

தலைமைக் கதிரையை அலங்கரித்து, இரண்டு மணி நேரமாக அந்தக் கதிரை தரும் முதுகு நோவையும் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய ராஜரத்தினம் ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்தும் கோயில் பரிபாலன சபையிலிருந்தும் ஒரே வேனில் வந்திறங்கிய ஒற்றுமைச் செம்மல்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! கடைசி வரிசையில் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு, என் பேச்சைத் தவிர மற்றெல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் இளையோரே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும். வணக்கம்.

உங்கள் நடுவர் இந்தச் சித்தி றலியா களைத்துப்போயிருக்கிறாள். கண்டியிலிருந்து இந்தக் கம்பளைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வந்த களைப்பு ஒன்று. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டிமன்ற நடுவராக உட்கார்ந்த களைப்பு இன்னொன்று. மாமியாரா மருமகளா என்று தீர்ப்புச் சொன்னேன், மாமியார் மாறினாரா? மருமகள் மாறினாரா? கைத்தொலைபேசி வரமா சாபமா என்று கேட்டார்கள். சாபம் என்றேன். அதைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள்! தீர்ப்புச் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்ததே தவிர, தேசம் திருந்தவில்லை.

இன்று எனக்குத் தந்த தலைப்பு: ஹிப்ஹொப் அல்பத்தில் பாட்டுக்கு நடுவே வரும் பகிடிப் பேச்சு அழகா, அழிவா? அன்னையரே, பயப்படாதீர்கள். தாளத்தோடு விறுவிறுவென்று சொல்லும் பாட்டு ஹிப்ஹொப். பல பாட்டுகள் சேர்ந்தால் அல்பம். ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குமுன் இரண்டு பேர் கதைத்துச் சிரிக்கவைப்பார்கள். அதற்கு ஸ்கிட் என்று பெயர். என்ன மகன், "டீச்சருக்கு ஹிப்ஹொப் தெரியுமா" என்றா கேட்கிறீர்கள்? ஐந்து நாட்களாக அதைத்தான் கேட்கிறேன். என் வீட்டுப் பூனையும் இப்போது தலையை ஆட்டித்தான் நடக்கிறது.

அழகே என்று அணிவகுத்தார் கணேஸ். "மலை ஏறுகிறவன் மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டாமா? பாட்டுக்குப் பாட்டு பகிடிதான் அந்த இடம்" என்றார். கைதட்டினீர்கள். அழிவே என்று அடுக்கினார் இன்ஷிரா. "முதல்முறை சிரிப்பு, மூன்றாம்முறை சலிப்பு, பத்தாம்முறை விரலால் தள்ளிவிடும் வெறுப்பு. பாட்டை நூறு தரம் கேட்கலாம், சொன்ன பகிடியை நூறு தரம் சொன்னால் யார் சிரிப்பார்?" என்றார். அதற்கும் கைதட்டினீர்கள். இரண்டு பக்கமும் தட்டும் கைகளுக்கு நடுவர் எதற்கு?

ஆனால் நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியது இவர்கள் இருவருக்கும் அல்ல. இதோ, முதல் வரிசையின் இரண்டு ஓரங்களில் முகம் பாராமல் அமர்ந்திருக்கிறார்களே, அந்த இரண்டு பிள்ளைகளுக்கு. ஒருவர் நிரோஷன். நாவலப்பிட்டிக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டெழுதி இசையமைப்பவர். மற்றவர் உங்கள் கம்பளை நஸீப். பாடுபவர், பகிடிப் பேச்சுகளை எழுதி அவற்றில் எல்லாக் குரலும் கொடுப்பவர். எட்டுப் பாட்டு, மூன்று பகிடி, அல்பம் முடிந்துவிட்டது. வெளியிடத்தான் முடியவில்லை. ஏன்? இரண்டாவது பகிடியை வெட்டாவிட்டால் என் பாட்டுகளைத் தரமாட்டேன் என்கிறார் நிரோஷன். வெட்டினால் என் குரலை எடுத்துவிடுங்கள் என்கிறார் நஸீப். இரண்டு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. இருவரும் தலைவரிடம், "டீச்சர் சொன்னா சரி" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ராஜரத்தினம் ஐயா, பட்டிமன்றம் என்று அழைத்துப் பஞ்சாயத்தில் உட்காரவைத்துவிட்டீர்களே!

அந்தப் பகிடி என்ன? நடந்த கதைதான். நிரோஷனின் தாயார் வீரம்மா, கொழுந்து பறிப்பவர், ஒரு நாள் நஸீபைக் கூட்டிப்போக அவர் வீட்டு வாசலில் நின்று, "வாப்பா, நேரமாச்சு! வாப்பா!" என்று கூப்பிட்டிருக்கிறார். தோட்டத்தில் அதற்கு, வா தம்பி என்று பொருள். நம் முஸ்லிம் வீடுகளில் வாப்பா என்றால் யார்? தகப்பன்! மகள்தான் கூப்பிடுகிறாள் என்று நஸீபின் தகப்பனார் பவாஸ் கதவைத் திறந்து வந்திருக்கிறார்.

"என்ன மகள்?"

"ஐயோ, ஒங்களக் கூப்புடலீங்க!"

"இப்ப வாப்பான்னு கூப்பிட்டீங்க தானே?"

"ஆமாங்க, வாப்பான்னுதான் கூப்புட்டேன்."

"அப்ப நான் வந்துட்டன் தானே!"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று அந்த வாசலில் அவர்களும் சிரித்தார்கள். தேத்தண்ணி குடிக்காமல் போகவிடவில்லையாம் பவாஸ்.

பிறகு என்ன நடந்தது? பிலிமத்தலாவையில் ஒரு டியூசன் வகுப்பில் இந்த அல்பத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வீரம்மாவின் குரலில் நஸீப் பேசப் பேசப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். கதைக்கா சிரித்தார்கள்? இல்லை, அந்தப் பேச்சுக்கு. தோட்டத்துப் பேச்சு நகரத்துப் பிள்ளைகளுக்குப் பகிடி! ஒரு நொடி இடைவெளி இல்லாமல் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அது என்ன பாட்டு? மழைக்குள் மலையேறும் அதே தாயைப் பற்றி மகன் எழுதிய பாட்டு. "அட்டை குடிச்சது பாதி, ஊரு குடிச்சது மீதி" என்று தாயின் கால் இரத்தத்தைச் சொல்லும் பாட்டு. அந்த வரிக்கும் சிரித்தார்கள் அன்னையரே, அந்த வரிக்கும் சிரித்தார்கள்! நிரோஷன் என்னிடம் கேட்டார்: "எங்கம்மா பேசுறது காமெடியா டீச்சர்? பாட்டு தொடங்கிருச்சு, இவங்க இன்னும் சிரிச்சிக்கிட்டே இருக்காங்க."

அடுத்த நாள் நஸீப் வந்தார். நாலு வார்த்தையில் வெட்டிவிடுங்கள் மகன் என்று சொல்லத்தான் காத்திருந்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதெ மட்டும் வெட்ட ஏலா டீச்சர். அதுலதான் வாப்பா இன்னம் கதவத் தொறந்து வாராரு." பவாஸ் மவுத்தாகி, அதாவது இறந்துபோய், பதினொரு மாதம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது சொல்லுங்கள் சபையோரே, வெட்டுவதா, விடுவதா? வெட்டினால் ஒருவரின் தகப்பன் போகிறார். விட்டால் ஒருவரின் தாய் சிறுமைப்படுகிறார். ஐந்து நாள் யோசித்தேன். அவரைக் கேட்டேன், இவரைக் கேட்டேன். யாருடைய பேச்சுக்கு ஊர் சிரித்ததோ, அவரைக் கேட்டேனா? கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை, இந்தப் பிள்ளைகளும் கேட்கவில்லை. சற்று முன்புதான் இந்த மண்டபத்து வாசலில் வீரம்மாவைக் கண்டு கேட்டேன். அவர் சொன்னார்: "சிரிச்சா சிரிக்கட்டும் டீச்சர். அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன். பவாஸ் அண்ணன் மவுத்தாயிட்டாரு, அவரு மாதிரி மகன் பேசுறான், சரி. நான் உசுரோடதானே இருக்கேன்? என்னயக் கேட்டிருந்தா நானே வந்து பேசியிருப்பேனே."

நான் உயிரோடுதானே இருக்கிறேன்! ஆயிரம் மேடையில் நான் தேடாத தீர்ப்பை அந்த அம்மா வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

எனவே கேளுங்கள். பகிடி பாட்டுக்கு அழகுதான், உரியவர் வாயால் வரும்போது. அடுத்தவர் வாயை இரவல் வாங்கினால் சிரிப்பு அந்த வாயைப் பார்த்தே சிரிக்கும். நஸீப், உங்கள் வாப்பாவாக நீங்கள் பேசும்போது அதில் பிள்ளையின் பாசம் கேட்கிறது. வீரம்மாவாகப் பேசும்போது பரிகாசம் கேட்கிறது. நீங்கள் நினைத்துச் செய்யவில்லை, ஆனாலும் கேட்கிறது. வாப்பாவை நீங்கள் பேசுங்கள், வீரம்மாவை வீரம்மா பேசட்டும். நிரோஷன், உங்கள் கோபம் நியாயம். ஆனால் அம்மாவின் பேச்சை வெட்டி எறிந்தால், அந்த வகுப்பு சிரித்தது சரி என்று ஆகிவிடாதா? பகிடி முடிந்ததும் பத்து நொடி மழைச்சத்தம் மட்டும் வையுங்கள். சிரிப்பு அடங்கட்டும். பிறகு உங்கள் பாட்டு வரட்டும். இதுவே என் தீர்ப்பு.

ஏன் எழுந்து வருகிறீர்கள் நிரோஷன்? தீர்ப்பு பிடிக்கவில்லையா? வீரம்மா, நீங்களும் வாருங்கள். யாராவது அவருக்குப் படியில் கைகொடுங்கள். நஸீப் கொடுக்கிறார். சரி. மகன், நான் இன்னும் முடிக்கவில்லை, மைக்கை ஏன் இறக்குகிறீர்கள்? ஓ... அம்மாவின் உயரத்துக்கா?

சபையோரே, இப்போது நஸீப் என்ன சொன்னார் என்று கேட்டதா? "இன்னங் கொஞ்சம் எறக்கு மச்சான்" என்றார். இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தலைவருக்கும், இரு அணியினருக்கும் இந்தக் களைத்த தொண்டையின் நன்றி. மைக் கீழே போய்விட்டது. இனி நான் குனிந்துதான் பேசவேண்டும். குனிந்தே சொல்கிறேன் வீரம்மா, சலாம், வணக்கம். நீங்கள் பேசுங்கள்.